உங்கள் தெருவின் வரலாற்றைச் சேர்க்க: சேலத்தில் வரலாற்றுக் குழு தொடங்குவோருக்கு

பெரியவர் ஒருவர் காலமாகி, காரியம் முடிந்த வாரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறப்பார்கள். பத்திரமும் நகையும் உள்ளே போகும். மிச்சம் இருக்கும் கல்யாணப் பத்திரிகை, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், யாரென்று தெரியாதவர்கள் நிற்கும் குரூப் போட்டோ எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகும். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் ஓட்டு வீடுகளை இடித்து மாடி கட்டும் இந்த வருடங்களில் அது மாதாமாதம் நடக்கிறது. எங்கள் குழு ஆறேழு பேர் சேர்ந்து தொடங்கியதற்குக் காரணம் அந்தத் தராசுதான்.

"எங்க பேட்டையிலயும் இதுமாதிரி செய்யணும், எங்கிருந்து தொடங்கறதுங்க?" என்று இப்போது பலர் கேட்கிறார்கள். நாங்கள் செய்து பார்த்துக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: எந்த வீட்டிலிருந்தும் அசலை எடுத்துக்கொண்டு வராதீர்கள். நகல் எடுங்கள், அசலை அங்கேயே அப்போதே கையில் கொடுங்கள். என் பாட்டி வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படத்தை ஒரு பள்ளியின் பொன்விழா மலருக்காக வாங்கிப் போனார்கள். மலர் வந்தது, படம் வரவில்லை. பாட்டி கடைசிவரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வரலாறு சேர்க்கிறேன் என்று வருகிறவரைப் பார்த்து நம் ஊர்ப் பெண்கள் பெட்டியைச் சாத்துவதற்கு இப்படி ஒரு கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.

சிறிய எல்லையாக எடுங்கள்

'சேலம் மாவட்ட வரலாறு' என்று தொடங்கினால் மூன்று மாதத்தில் களைத்துவிடுவீர்கள். மாவட்டத்தின் எல்லையே நிலையாக இருந்ததில்லை. 1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்த பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலம் பகுதியும் சேர்ந்து உருவான பெரிய ஜில்லா இது. 1965-இல் தருமபுரி பிரிந்தது. 1997-இல் நாமக்கல் பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியைப் பழைய ஏடுகள் சேலம் ஜில்லா என்றே சொல்லும். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். இத்தனையையும் ஒரு குழுவால் சுமக்க முடியாது.

ஒரு தெரு, ஒரு பேட்டை, ஒரு ஏரிக்கரை, ஒரு மலைக்கிராமம். அது போதும். பெயரிலிருந்தே தொடங்கலாம். செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை. 'பாவடி' என்ற சொல் சேலத்தில் பள்ளிக்கூடப் பெயர்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெசவாளர்கள் விடிகாலையில் பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்திய திடல்தான் பாவடி. அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் அர்த்தம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களை அழைத்துக்கொண்டு பாவு போட்ட ஒருவரைப் பார்க்கப் போவதே உங்கள் குழுவின் முதல் நிகழ்ச்சியாக இருக்கலாம்.

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். 1866-இல் நகராட்சியான இந்த ஊருக்கு 1917-இல் ராஜாஜி தலைவரானதும், 1882 சேலம் கலவர வழக்கில் சிக்கி மீண்ட சி. விஜயராகவாச்சாரியார் 1920-இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியதும் ஏட்டில் ஏறிவிட்டன. அந்த வருடங்களில் உங்கள் தெருவில் ஒரு புடவைக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

போவதற்கு முன் கொஞ்சம் படியுங்கள்

இரண்டு நூல்கள் அடிப்படை. லெ ஃபானு தொகுத்து 1883-இல் வந்த சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் எழுதி 1918-இல் வந்த சேலம் கெசட்டியர். இரண்டும் ஆட்சியாளர் கண்ணால் எழுதப்பட்டவை. சாதிகளைப் பற்றி அவற்றில் இருப்பதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தை, சாலை, ஏரி, வரி, பஞ்சம் பற்றிய தகவலுக்கு அவற்றை விட்டால் கதியில்லை. சென்னையில் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகமும் பிற்பாடு போக வேண்டிய இடங்கள். முதல் மாதமே போனால் எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வருவீர்கள்.

இணையத்தில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். ஆங்கிலத்தில் சேலம் என்று தட்டினால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம்தான் முன்னால் வந்து நிற்கும். அது கடற்கரை ஊர், கப்பல் கட்டியவர்கள் ஊர். 1799-இல் 'எசெக்ஸ்' என்ற போர்க்கப்பலை அங்கேதான் கட்டினார்கள். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் எசெக்ஸ் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே மீன்பிடிக் கப்பல் கட்டிய தச்சர்களின் உளியையும் வாய்ச்சியையும் உள்ளூர் வரலாற்றுச் சங்கமே அருங்காட்சியகம் வைத்துக் காப்பாற்றுகிறது. தேடியது கிடைக்காமல் இதைப் படித்துவிட்டு அன்று இரவு வெகுநேரம் நான் தூங்கவில்லை. நம் தெருவில் எத்தனை குழித்தறிகளை விறகுக்கு உடைத்திருப்போம்! தேடும்போது சேலத்தோடு 'மெட்ராஸ் பிரசிடென்சி' அல்லது 'பாராமகால்' என்று சேர்த்துத் தட்டுங்கள். பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். சங்ககிரியை அவர்கள் 'சங்கரிதுர்க்' என்று எழுதினார்கள்.

முதல் நிகழ்ச்சி: ஒரு நடை

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள். அதற்கு மேல் வெயிலும் வண்டியும் பேச விடாது. பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். கடைசியில் வருகிறவருக்குப் பேச்சு கேட்காது. நகரத்தில் எளிய வழி: கோட்டை அழகிரிநாதர் கோயிலில் தொடங்கி, கோட்டை மாரியம்மன் கோயில், திருமணிமுத்தாற்றுப் பாலம், அருணகிரிநாதர் பாடிய சுகவனேசுவரர் கோயில், அங்கிருந்து அக்ரகாரத் தெருக்கள். ஆற்றைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். அங்கேதான் நின்று பேச வேண்டும். அந்தத் தண்ணீரில் குளித்தவர், துணி துவைத்தவர் யாராவது கூட வந்தால் அவரைப் பேசச் சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

நடத்துகிறவர் முந்தைய வாரமே ஒருமுறை அதே நேரத்தில் நடந்து பார்த்துவிட வேண்டும். எங்கே நிழல், எங்கே கழிப்பறை, எங்கே முதியவர் உட்காரத் திண்ணை என்று குறித்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி கேட்டு வைத்துவிடுங்கள். ஏற்காடு சாலையில் தனியாக நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவை எல்லோரும் சேர்க்கச் சொல்வார்கள். டி. ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி நூற்றுக்கு மேல் படங்கள் எடுத்த இடம், ஆசை நியாயம்தான். ஆனால் நடந்து போகும் தூரமில்லை; அதை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

படம் நகலெடுக்கும் நாள்

எங்கள் அனுபவத்தில் மக்கள் மனதைத் திறந்தது இந்த நிகழ்ச்சிதான். கோயில் மண்டபமோ, சங்கக் கட்டடமோ, பள்ளி வகுப்பறையோ கேளுங்கள். இரண்டு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு மடிக்கணினி, ஒரு நோட்டு, மென்மையான பென்சில். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னல் ஓரத்தில் வெள்ளை வேட்டி விரித்து, பிளாஷ் இல்லாமல், கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடுக்கலாம். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ-க்குக் குறைக்காதீர்கள். சின்னப் பாஸ்போர்ட் அளவுப் படம்தான் சில வீடுகளில் இறந்துபோனவரின் ஒரே முகமாக இருக்கும். பெரிதாக்கும்போது தெரிய வேண்டும்.

கொண்டுவருகிறவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கண்ணெதிரிலேயே எடுத்து, அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும்: இடமிருந்து வலமாக யார் யார், எந்த வீடு, என்ன விசேஷம், யார் எடுத்தது. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுத விடாதீர்கள். பசை ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் உரிக்க முயலாமல் பக்கத்தோடு எடுங்கள். லேமினேட் செய்து தருகிறோம் என்று ஆர்வமாகச் சொல்லாதீர்கள், அது படத்தைக் கொல்லும்.

படம் மட்டுமே வேண்டும் என்று சொல்லாதீர்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், ரேஷன் கார்டு, நாடக நோட்டீஸ், மாம்பழ மண்டிச் சீட்டு, கொலுசுப் பட்டறையின் கணக்கு நோட்டு எல்லாம் வரட்டும். ஆடி மாதம் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும்போது சாமி வேஷம் கட்டி வண்டியில் நின்ற அப்பாவின் படம் அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கும். அதை மட்டும் கேட்டு ஒரு நாள் வைத்தாலே மண்டபம் நிறையும். ஆடிக்கு முன்னால் வையுங்கள், ஊருக்கு அந்த நினைப்பு இருக்கும்.

உட்கார்ந்து கேட்பது

இதற்குத்தான் பொறுமை வேண்டும். "உங்க வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்க" என்று கேட்டால் யாராக இருந்தாலும், "என்னத்தப்பா சொல்றது, கஷ்டப்பட்டோம்" என்பதோடு முடித்துவிடுவார்கள். பொருளைப் பிடித்துக் கேளுங்கள்.

"தாத்தா, மொதக் கூலி வாங்கினப்ப என்ன வயசுங்க? அந்தக் காசு என்ன ஆச்சு?"

"ஆயா, பாவு போடற அன்னிக்கு எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க? மழை வந்துட்டா?"

மழை வந்துவிட்டால் என்ற ஒரே கேள்விக்கு ஒரு ஆயா முக்கால் மணி நேரம் பேசினார். நனைந்த பாவு, கெட்டுப்போன கஞ்சி, முதலாளி வெட்டிய கூலி, அந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்காதது. தறியில் உட்கார்ந்தவர் பெயர்தான் கணக்கில் இருக்கும். ஊடை நூலைத் தாராகச் சுற்றியவர், பாவுக்குக் கஞ்சி காய்ச்சியவர் பெயர் எங்கும் இருக்காது. ஆகவே வீட்டுக்குப் போனால் திண்ணையோடு திரும்பாதீர்கள். குழுவில் பெண்கள் இருந்தால் அடுப்படி வரைக்கும் போய் உட்கார்ந்து கேட்பது எளிது. பெண்களே இல்லாத குழு சேலத்து நெசவைப் பற்றிப் பாதிதான் சேர்க்க முடியும்.

பதிவு செய்ய இரண்டு கைப்பேசிகள் வையுங்கள், இரண்டையும் ஏரோபிளேன் மோடில். மின்விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். தறி ஓடும் வீட்டில் பேச்சு கேட்காது. பேச்சைப் பின்கட்டில் எடுத்துவிட்டு, தறிச் சத்தத்தைத் தனியாக ஐந்து நிமிடம் பதியுங்கள். அந்தச் சத்தமும் ஆவணம்தான். தொடங்கும்போது தேதி, இடம், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். "இதைப் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டலாமா, கண்காட்சியில் வைக்கலாமா, வீட்டுக்குள்ள மட்டும் இருக்கட்டுமா?" என்று கேட்டு, அவர் சொல்வதையும் பதிவிலேயே வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுவாரம் போங்கள். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வார்கள்.

யாரிடம் போவது என்று தெரியவில்லையா? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தொழில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு: கம்பி இழுத்தவர், பற்றவைத்தவர், மெருகு போட்ட பெண்கள். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளும்; ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் வருவதற்கு முன்னால் மூட்டைக்கு யார் விலை வைத்தார்கள் என்று கேளுங்கள். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியபோது கூட்டத்தில் நின்றவர்கள், நிலம் கொடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆலையைப் பற்றிய படங்கள் ஏராளம், நிலத்தைப் பற்றிய படம் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

மேட்டூர் தனியாகவே ஒரு குழுவுக்கு வேலை வைக்கும். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணைக்குள் ஊர்கள் போயின. தண்ணீர் இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலை காட்டும். எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த ஊர்களிலிருந்து எழுந்து வந்த குடும்பங்கள் எங்கே குடியேறின, குலதெய்வத்தை எப்படித் தூக்கி வந்தார்கள் என்று பேரப்பிள்ளைகளிடமாவது இப்போதே கேட்டுவிட வேண்டும்.

சில கதைகளைக் கேட்கும்போது கை நடுங்கும். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தைத் தேடிப் போனால் முதல் நாள் கைப்பேசியை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாசலில் நிற்கும்போதே "நீங்க யாரு, எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். குழுவில் ஒரே சாதிக்காரர்கள் மட்டும் இருந்தால் பாதித் தெருவின் கதவு திறக்காது. எங்கள் குழு முதல் ஆண்டில் அப்படித்தான் இருந்தது, சேகரித்ததும் அப்படித்தான் இருந்தது. காலனிப் பக்கமும் ஒரு நடை, ஒரு படம் எடுக்கும் நாள் வைத்த பிறகுதான் எங்களிடம் இருப்பதை ஊர் வரலாறு என்று சொல்ல எனக்குத் துணிவு வந்தது. எங்கள் குலப் பெருமையை எழுதித் தாருங்கள் என்று பணத்தோடு வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மலைக்குப் போனால்

சேர்வராயன் மலையில் ஏரியையும் காட்சிமுனைகளையும் பார்த்துவிட்டு இறங்குவது வேறு. அங்கே வரலாறு சேர்க்க வேண்டுமானால் மலையாளி மக்களின் (கேரளத்தவர் அல்ல, இந்த மலையின் பழங்குடிகள்) ஊர்களுக்கு, முன்கூட்டிச் சொல்லி, ஊர்ப் பெரியவர் சம்மதத்தோடு போங்கள். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. திருத்த முயலாமல் அவர்கள் வாய்ச்சொல்லாகவே எழுதுங்கள். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்ததாக எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதைப் பறித்தவர்களின் கூலியைப் பற்றிக் கேளுங்கள். மே மாதச் சேர்வராயர் திருவிழாவில் வேலை செய்ய முடியாது, கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பிற்காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. மலையில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் சில இடங்களில் பிள்ளையார் பக்கத்தில் வைத்துக் கும்பிடப்படுகின்றன. அதை எடுத்து வராதீர்கள், நகர்த்திக்கூடப் பார்க்காதீர்கள். எடுத்த இடம் தெரியாத கல்லால் யாருக்கும் பயனில்லை. இருந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால் போதும்.

நடுகல், கல்வெட்டு எது கண்ணில் பட்டாலும் இதே விதி. சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ பூசி எழுத்தைத் தெளிவாக்க வேண்டாம். சாயங்கால வெயிலில், அல்லது இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து எடுத்தால் எழுத்து தானாக எழும். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றிப் படி எடுப்பதைத் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புதையலாக எதுவும் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சேர்த்ததை வைப்பது

கோப்பின் பெயரில் தேதி, தெரு, வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து, எண் இருக்கட்டும். ஒரே ஒரு கைப்பேசியில் இருப்பது பத்திரமாக இருப்பதாகாது: மூன்று பிரதி, அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில். நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்தே ஆக வேண்டும்; முடிந்தால் ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். அந்தச் சட்டத்தைச் சுவரில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த ஞாயிறு தன் பெட்டியோடு வருவார்.

சங்கமாகப் பதிவு செய்வதை ஒரு வருட வேலைக்குப் பிறகு யோசியுங்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும், ஆண்டுக் கணக்குக் காட்ட வேண்டும். தலைவர், செயலாளர் பதவி முதலில் வந்துவிட்டால் நடையும் பேட்டியும் நின்றுபோய்த் தேர்தல்தான் நடக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை சேர்த்ததை அதே தெருவில் காட்டுங்கள். அரங்கம் வேண்டாம். பாவடித் திடலிலோ கோயில் முன்னாலோ வெள்ளைத் துணி கட்டி, இருட்டிய பிறகு ஒவ்வொரு படமாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் அரை நிமிடமாவது நிற்கட்டும். துணிக்குப் பக்கத்தில் ஒருவர் நோட்டும் பென்சிலும் டார்ச்சுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். "அட, அந்த மூணாவது ஆளு எங்க சித்தப்பா" என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். படத்தை நிறுத்திவிட்டு, எண்ணைப் பார்த்து, சொன்னவர் பெயரோடு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.